முட்டை சேராத இரண்டு பிரித்தானிய இனிப்புகள்

அவணில் சுட்ட இனிப்பென்றால் முட்டை கலந்திருக்கும் என்று நம் பெரியவர்கள் பலர் தொடுவதில்லை. கேக்கைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. ஆனால் பிரித்தானியரின் ஷோட்பிரெட்டுக்கும் பிளாப்ஜாக்குக்கும் முட்டை தேவையே இல்லை. பெருங்கூட்டத்துக்கு நாம் துணிந்து செய்யலாம்.

ஷோட்பிரெட் ஸ்கொட்லாந்துக்குரியது, அங்கு புத்தாண்டுப் பலகாரம். கணக்கு எளிது: சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு, கோதுமை மா மூன்று. 20க்கு 30 சென்ரிமீற்றர் தட்டுக்குச் சீனி 125 கிராம், பட்டர் 250, மா 375. மாவில் 50 கிராமுக்குப் பதிலாக அரிசி மா சேர்த்தால் மொறுமொறுக்கும். இது நமது கண்டுபிடிப்பல்ல, அவர்களே செய்வதுதான்! ரொட்டிக்குப் போல் பிசையாமல் விரல் நுனியால் உதிர்த்துச் சேர்த்து, தட்டில் அழுத்தி, முள்ளுக்கரண்டியால் குத்தி, 160 பாகை செல்சியசில் இளம்பொன் நிறம் வரும்வரை ஏறக்குறைய 40 நிமிடம் சுடுக. சூட்டோடு வெட்டி, தட்டிலேயே ஆறவிடுக.

பிளாப்ஜாக்குக்கு 250 கிராம் பட்டர், அதே அளவு பழுப்புச் சீனி, 175 கிராம் கோல்டன் சிரப் மூன்றையும் உருக்கி, 425 கிராம் ஓட்ஸைக் கிளறி, அதே அளவுத் தட்டில் 180 பாகையில் 25 நிமிடம். நடுப்பகுதி மெத்தென்றிருந்தாலும் எடுத்துவிடுங்கள், ஆறினால் இறுகும். மேலும் சுட்டால் பல்லுக்குத்தான் வேலை.

தட்டுக்கு 24 துண்டுகள். 150 பேருக்கு ஏழு தட்டுகள். காற்றுப் புகாத டின்னில் சில நாட்கள் கெடாதிருப்பதால், சனிக்கிழமை விழாவுக்கு வியாழனே சுட்டுவிடலாம்.

மின்ஸ் பை வாங்கும்போது மட்டும் சிட்டையை வாசியுங்கள். அதன் உள்ளீட்டில் சூவெட் என்னும் மாட்டுக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். தாவரக் கொழுப்பில் செய்ததும் கடைகளில் கிடைக்கிறது.