விமானத்துட் கருவிகளை அமைக்கும் முறை

கீரிமலைக்கு அணித்தான பலாலியில் 2019 இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டமையால், விமானத்தின் அமைப்பை அறியும் வேட்கை நம் மாணவரிடையே மிகுதல் இயல்பே. உறுப்புகளைப் பெட்டிகளில் வருவித்துத் தாமே பூட்டிக்கொள்ளும் சிறு விமானங்களும் உள. கேரளத்தவரான அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தில் அவ்வாறு பூட்டிய நாலிருக்கை ஸ்லிங் விமானம் 2022 இல் பறந்தது.

இவ்வேலையிற் கருவிகளின் இடத்தை முன்னரே வகுத்தல் தலையாயது என்போம். உடற்கூட்டுத் தகடுகள் தறையப்பட்டபின் உள்ளே கை புகாது. ஆதலின் நாம் கருத வேண்டுவன நான்கு.

ஒன்று: எரிபொருள் வடி, மின்கலம் முதலிய, அடிக்கடி பார்க்க வேண்டியவை, கைக்கெட்டுமிடத்தில், திறக்கத்தக்க மூடியுடன் அமைதல் வேண்டும்.

இரண்டு: பாரமான மின்கலம் இடம்பெயரின் ஈர்ப்புமையமும் பெயரும். அது மிகப் பின்செல்லின் விமானம் நிலைதவறும்.

மூன்று: காந்தத் திசைகாட்டியை இரும்பினின்றும் மின்கம்பிகளினின்றும் விலக்கி வைத்தல் வேண்டும்.

நான்கு: கருவிப்பலகையை வெளியே இழுத்துத் திருத்துதற்கு ஏற்ப, அதன் பின்னுள்ள கம்பிகளைச் சற்று நீளமாக விட்டுப் பெயர் பொறித்தல் வேண்டும். ஆயினும், அவை சுக்கானை இயக்கும் தண்டுகளிற் சிக்கலாகாது.

தகட்டை வெட்டுமுன், கருவிகளின் வடிவைக் காகித அட்டையிற் செய்து பொருத்திப் பார்த்தல் நன்று.

கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தை வைக்கும் நம் கமக்காரர், திருகாணியைக் கழற்றக் கை செல்லுமாறு இடம்விட்டே வைப்பர். அவ்வியந்திரம் நின்றாற் பயிர் வாடும். வானில் இயந்திரம் நின்றால் உயிருக்கே ஊறு நேரலாம். எட்டாத இடத்துப் பழுது காணப்படாமலே வளரும் என்பதை மாணவர் மனங்கொள்ளுதல் வேண்டும்.