மணலில் ஓடிய மறுநாள்

தரங்கம்பாடியில் 1620இல் எழுந்த டேனிஷ் கோட்டையை ஒட்டிய கடற்கரை மணலில் புதிதாக ஓடுபவருக்குக் கெண்டைக்கால் வலி பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும். லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே மூலம். படுத்துக் கிடப்பதைவிட மெல்ல நடப்பது நல்லது. நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய நீரை, பொறுக்கும் சூட்டில் காலில் ஊற்றலாம். நல்லெண்ணெய் தடவி மெதுவாக நீவலாம். அழுத்திப் பிசைவது, ஊரில் எத்தனை பேர் சொன்னாலும், வேண்டாம். முதல் வாரம் இறுகிய ஈர மணலில் குறைந்த தூரம் ஓடினால் வலி அவ்வளவாக அண்டாது. ஒரே கால் வீங்கினாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.