அல்ஜீப்ராவும் நம் கடைக் கணக்கும்



"பிள்ளைகள் கல்லூரியில் அல்ஜீப்ரா படிக்கிறார்களே, அதனால் கல்லாப்பெட்டிக்கு என்ன பிரயோஜனம்?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நாமும் அப்படிக் கேட்டவர்தாம். நாம் படித்தது மதரஸாவும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பும்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் இந்நான்கும் தெரிந்தால் கடை நடத்தலாம் என்பது நம் எண்ணமாயிருந்தது. ஒரு பெருநாள் வியாபாரம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

40 வெள்ளிக்குக் கொள்முதல் செய்த கைலிக்கு நூற்றுக்கு 25 லாபம் வைத்து 50 வெள்ளி என்று விலைச் சீட்டு ஒட்டியிருந்தோம். பெருநாள் நெருங்கியதும் கூட்டத்தைக் கண்டு, "நூற்றுக்கு 25 கழிவு" என்று பலகை தொங்கவிட்டோம். ஏற்றிய 25ஐ இறக்குகிறோம். லாபமில்லாவிட்டாலும் முதலுக்கு மோசமில்லை என்று நினைத்தோம். 200 கைலிகள் விற்றுத் தீர்ந்தன. கணக்குப் பார்த்தபோது கையைவிட்டு 500 வெள்ளி போயிருந்தது!

கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் நம் மகள் பேரேட்டைப் பார்த்துச் சிரித்தாள். "அத்தா, கூட்டினது நாற்பதுக்கு, கழிச்சது ஐம்பதுக்கு" என்றாள். ஆம், ஐம்பதில் கால் பங்கு பன்னிரண்டரை வெள்ளி. கைலி ஒன்று 37 வெள்ளி 50 காசுக்குப் போயிருக்கிறது. துண்டுக்கு இரண்டரை வெள்ளி நஷ்டம். அன்றிரவே அவளிடம் பாடம் கேட்க உட்கார்ந்தோம். கேட்டதைச் சகோதரர்களுக்கும் சொல்கிறோம்.

முதற் பாடம், தெரியாத தொகைக்கு ஒரு பெயர் வைப்பது. அதை 'ய' என்போம். 50 வெள்ளிக் கைலியை 42க்கு விற்று இரண்டு வெள்ளியாவது லாபம் பார்க்க வேண்டும். நூற்றுக்கு எவ்வளவு கழிவு தரலாம்? ஐம்பதில் நூற்றுக்கு 'ய' என்றால் 'ய'வில் பாதி. ஆகவே:

50 − ய/2 = 42

இது தராசைப் போன்றது. ஒரு தட்டில் எதைச் செய்தாலும் மறு தட்டிலும் அதையே செய்ய வேண்டும். இரு பக்கமும் ய/2ஐக் கூட்டினால் 50 = 42 + ய/2. இரு பக்கமும் 42ஐக் கழித்தால் 8 = ய/2. எனவே 'ய' 16. நூற்றுக்கு 16தான் தரலாம். 20 தந்தால் வெறும் முதல். அதற்கு மேல் நஷ்டம்.

இந்த இரண்டு செய்கைகளுக்கும் அரபியில் பெயருண்டு. குறைந்ததை நிறைவாக்குவது 'ஜப்ர்'. இரு பக்கமும் உள்ள ஒரே இனத்தை நேருக்கு நேர் கழிப்பது 'முகாபலா'. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் 'ஜப்ர்' என்றே சொல்வார்கள். கலீபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி இவ்விரு பெயர்களையும் வைத்தே தம் கணக்கு நூலுக்குப் பெயரிட்டார். அந்நூல் 1145இல் லத்தீனுக்குப் போயிற்று. அல்ஜப்ர் அல்ஜீப்ரா ஆயிற்று. தெரியாததை அவர் 'ஷய்', அதாவது 'பொருள்' என்றார்; அதன் வர்க்கத்தை 'மால்', அதாவது 'சொத்து' என்றார். வியாபாரம், நிலம் அளத்தல், வாரிசுப் பங்கு ஆகியவற்றில் மக்களுக்கு உதவவே அவர் எழுதினார்.

வாரிசுப் பங்கையே பாருங்கள். ஒருவர் மனைவியையும் இரு மகன்களையும் ஒரு மகளையும் விட்டு மவுத்தானார். கடன், வஸிய்யத் போக மீதம் 40,000 வெள்ளி. மனைவிக்கு எட்டில் ஒன்று, 5,000. மீதி 35,000. மகள் பங்கு 'ய' என்றால் மகன் ஒவ்வொருவருக்கும் 2ய; ஆக 5ய = 35,000. மகளுக்கு 7,000; மகன்களுக்குத் தலைக்கு 14,000.

இரண்டாம் பாடம், தெரியாதவை இரண்டு. முந்திரி கிலோ 40 வெள்ளி, திராட்சை 16 வெள்ளி. இரண்டையும் கலந்து, கிலோ 22 வெள்ளி அடக்கமாகும்படி 60 கிலோ வேண்டும். அறுபதும் திராட்சையே என்றால் 960 வெள்ளி. வேண்டிய அடக்கம் 1,320; வித்தியாசம் 360. திராட்சை ஒரு கிலோவை எடுத்துவிட்டு முந்திரி வைத்தால் 24 வெள்ளி ஏறும். 360ஐ 24ஆல் வகுத்தால் 15. முந்திரி 15, திராட்சை 45 கிலோ.

மூன்றாம் பாடம் வர்க்கச் சமன்பாடு. 'ய'வின் வர்க்கத்தோடு பத்து 'ய'வைக் கூட்டினால் 39, 'ய' எவ்வளவு? இது அல்-குவாரிஸ்மியே போட்ட கணக்கு. பக்கம் 'ய' உள்ள ஒரு சதுரம் வரைந்து, இரு பக்கங்களில் ஐந்தைந்து அகலமுள்ள பட்டைகளை ஒட்டுங்கள். மூலையில் ஐந்துக்கு ஐந்து இடம் காலியாயிருக்கும். அந்த 25ஐ நிரப்பினால் 39ம் 25ம் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் 'ய' 3. இன்றைய மாணவர்கள் −13 என்ற மற்றொரு விடையையும் எழுதுகிறார்கள்.

நான்காம் பாடம் 'சார்பு'. ஒன்று மாறினால் மற்றொன்று எப்படி மாறும் என்பதைக் கோடு வரைந்து காட்டுவது. மாத வாடகையும் கூலியும் 6,000 வெள்ளி, துண்டுக்கு லாபம் 8 வெள்ளி என்றால், 750ஆவது துண்டு விற்கும்வரை நாம் நமக்காக உழைக்கவில்லை!

கடைசிப் பாடம் அடுக்கேற்றமும் மடக்கையும். வாடகை வருஷந்தோறும் நூற்றுக்கு 6 ஏறினால் இரட்டிப்பாக 16, 17 வருஷமாகும் என்று நினைப்போம். ஏறியதன் மேலும் ஏறுவதால் சுமார் 12 வருஷத்திலேயே இரட்டிப்பாகிவிடும். நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இதை நினைவில் வையுங்கள்.

சகோதரர்களே! "கடைக்கு வா, படிப்பு போதும்" என்று பிள்ளையை நிறுத்துமுன் ஒரு முறை யோசியுங்கள். நம் 500 வெள்ளி நமக்கு இதைக் கற்றுத் தந்தது. உங்களுக்கு இது இலவசம்.

பயிற்சி: 60 வெள்ளிக்கு வாங்கிய சட்டையின் விலைச் சீட்டு 80. நூற்றுக்கு எவ்வளவு கழிவு தந்தால் துண்டுக்கு 8 வெள்ளி நிற்கும்? பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். விடை 15.