மெய்நிகர் செயலிக்கும் ஓர் எல்லை உண்டு



கணிப்பொறி ஆய்வகத்தில் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை உருவாக்கும்போது திரை நம்மிடம் கேட்கிறது: "எத்தனை ப்ராசஸர் வேண்டும்?" உடனே பக்கத்து பெஞ்சிலிருந்து குரல் வரும்: "இருக்கிறதையெல்லாம் போடுடா, பறக்கும்!" உண்மையில் பறக்குமா? பல நேரங்களில் பறக்காது, படுத்துவிடும். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன?

ஒரே கணிப்பொறிக்குள் மென்பொருளால் உண்டாக்கப்படும் இன்னொரு கணிப்பொறியே மெய்நிகர் இயந்திரம். வெளியே இருக்கும் உண்மையான கணிப்பொறியை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் அழைக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நின்று பங்கு பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர், ஹைப்பர்-வி, கே.வி.எம். ஆகியவை நாம் அடிக்கடி கேள்விப்படும் பெயர்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1960-களிலேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் இது பிறந்துவிட்டது. 1972-ல் சிஸ்டம் 370 என்னும் பெரிய கணிப்பொறிக் குடும்பத்துக்காக வி.எம்./370 என்ற மென்பொருளை அந்நிறுவனம் அறிவித்தது. 1973-ல் நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்த 370/155 கணிப்பொறியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரங்களுக்காகத் தோன்றிய அந்தத் தந்திரம், 1999-ல் வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் வந்தபின் மேசைக் கணிப்பொறிக்கும் இறங்கி வந்தது. இன்று செகண்ட் ஹாண்ட் லேப்டாப்பில்கூட நாம் அதைச் செய்து பார்க்க முடிகிறது.

ஏரித் தண்ணீரும் முறையும்

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை படிக்க வந்தவன் நான்தான் முதல். இந்தப் பாடத்தைப் பற்றிச் சொன்னபோது அப்பா கேட்டார்: "இருக்கிறது ஒரு மூளை, அதை எப்படிப்பா நாலு பேருக்குப் பிரிக்கிறது?" அவருக்கு நன்றாகத் தெரிந்த மணிமங்கலம் ஏரியை வைத்தே பதில் சொன்னேன்.

ஏரியில் தண்ணீர் ஓர் அளவு. மதகு ஒன்றிரண்டு. கழனிகளோ பல. எல்லாக் கழனிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. நீர்க்கட்டி முறை வைத்து, இவருக்கு இவ்வளவு நேரம், அடுத்தவருக்கு இவ்வளவு நேரம் என்று திறந்து விடுகிறார். ஹைப்பர்வைசர் செய்வதும் அதே வேலைதான். உண்மையான கோர்தான் மதகு. கழனியின் வாய்க்கால்தான் மெய்நிகர் செயலி, அதாவது வி.சி.பி.யு. நம் முறை வரும்போது மட்டுமே வாய்க்காலில் தண்ணீர் ஓடும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே முறை ஒரு நொடிக்குள் பல தடவை மாறிவிடுகிறது. ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

இப்போது சொல்லுங்கள்: ஒருவர் தம் கழனிக்கு எட்டு வாய்க்கால் வெட்டி வைத்துக்கொண்டால், ஏரியில் தண்ணீர் ஏறிவிடுமா? ஏறாது. வி.சி.பி.யு. எண்ணை உயர்த்துவதும் அப்படித்தான். அந்த எண் சக்தி அன்று. முறை கேட்கும் உரிமை மட்டுமே.

நான்கு எல்லைகள்

ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு எத்தனை செயலி கொடுக்கலாம் என்பதை நான்கு எல்லைகள் முடிவு செய்கின்றன. நான்கில் எது குறைவோ அதுதான் செல்லும்.

1. கையில் உள்ள இயந்திரம்: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் சாக்கெட், கோர், லாஜிகல் ப்ராசஸர் என்று மூன்று எண்கள் தெரியும். 2 கோர், 4 லாஜிகல் ப்ராசஸர் என்று இருந்தால் உண்மையான மதகு இரண்டுதான். ஒரு கோர் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் கவனிப்பதால் நான்காகத் தெரிகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் கையேடு, உண்மையான கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டாதே என்று எச்சரிக்கிறது. அதன் திரையில் பச்சைப் பகுதி, சிவப்புப் பகுதி என்று காட்டுவதும் இதற்காகவே. ஹைப்பர்-வி, ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. ஆகியவை இன்னும் கண்டிப்பானவை. ஹோஸ்டின் லாஜிகல் ப்ராசஸரை விட அதிகமாகக் கேட்டால் அந்த கெஸ்டைத் தொடங்கவே விடாது.

2. ஹைப்பர்வைசர்: ஒவ்வொரு மென்பொருளும் தன் வரம்பை விதித்துள்ளது. வி.எம்.வேர் நிறுவனத்தின் சர்வர் மென்பொருளில் ஒரு கெஸ்டுக்கு 2006-ல் 4 செயலிகளே உச்சம். அது 2009-ல் 8, 2011-ல் 32, 2012-ல் 64, 2015-ல் 128 என்று ஏறி, 2020-ல் 768-ஐ எட்டியது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-ல் 4 மட்டுமே தந்தது. 2012 பதிப்பில் 64, 2016-ல் 240, 2022-ல் 1024, 2025-ல் 2048 என்று வளர்ந்தது. ஆனால் இந்தப் பெரிய எண்கள் இரண்டாம் தலைமுறை கெஸ்டுக்கு மட்டுமே. முதல் தலைமுறை என்று தேர்ந்தெடுத்தால் இன்றும் 64-தான்.

3. உள்ளே ஓடும் இயங்குதளம்: விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் ஒரு சாக்கெட்டையும், எக்ஸ்பி புரொஃபஷனல் இரண்டு சாக்கெட்டையும் மட்டுமே ஏற்கும். விண்டோஸ் 11-லும் ஹோமுக்கு 1, ப்ரோவுக்கு 2. இதில் கீழ் வரம்பும் உண்டு: விண்டோஸ் 11 குறைந்தது 2 செயலி கேட்கும்.

4. உரிமம்: இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. பதிப்பு ஒரு கெஸ்டுக்கு 8 செயலிக்கு மேல் தராது. எஸ்.க்யூ.எல். சர்வரை ஒரு கெஸ்டுக்குள் கோர் கணக்கில் வாங்கினால் குறைந்தது 4 கோருக்குப் பணம் கட்ட வேண்டும். எட்டு கொடுத்தால் எட்டுக்கும் கட்ட வேண்டும். சும்மா கூட்டிய எண்ணுக்கும் கம்பெனி காசு கொடுக்கிறது என்பதை வேலைக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாது.

சாக்கெட்டா, கோரா?

இது தேர்விலும் வரலாம், வேலையிலும் வரலாம். நான்கு செயலி வேண்டும் என்றால் அதை இரு விதமாக அமைக்கலாம். நான்கு சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு கோர் என்பது ஒன்று. ஒரு சாக்கெட், அதில் நான்கு கோர் என்பது மற்றொன்று. மொத்தம் இரண்டிலும் நான்குதானே என்று தோன்றும்.

ஆனால் முதல் விதத்தில் விண்டோஸ் 11 ப்ரோவைப் போட்டால் அது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைத் திரும்பியும் பார்க்காது. நாம் டேட்டாபேஸ் லேபுக்குப் பயன்படுத்தும் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ், ஒரு சாக்கெட் அல்லது நான்கு கோர், இதில் எது குறைவோ அதைத்தான் பயன்படுத்தும். முதல் விதத்தில் அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு கோர். இரண்டாவது விதத்தில் நான்கும் கிடைக்கும். ஒரு பைசா செலவில்லாமல், அமைப்பை மாற்றினாலே நான்கு மடங்கு செயலி! சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

கூட்டினால் ஏன் குறைகிறது?

முதல் காரணம் காத்திருப்பு. நான்கு செயலி கொண்ட கெஸ்டுக்கு, ஆரம்ப கால வி.எம்.வேர் சர்வர்களில் நான்கு கோரும் ஒரே சமயத்தில் காலியானால்தான் முறை கிடைக்கும். ஒரு செயலி கெஸ்டுகள் சந்து கிடைத்த இடத்தில் புகுந்து போய்விட, பெரியது வாசலிலேயே நிற்கும். 2006-ல் இந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனாலும் ஒரு கெஸ்டின் செயலிகள் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் விலகி ஓட முடியாது.

இரண்டாம் காரணம் பூட்டு. ஒரு செயலி பொதுவான தகவலைப் பூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது அதன் முறை முடிந்துவிடுகிறது. சாவி வைத்திருப்பவன் வெளியே நிற்கிறான். அந்தச் சாவிக்காக மற்ற செயலிகள் உள்ளே சுற்றிச் சுற்றி நேரத்தை வீணாக்குகின்றன. டாஸ்க் மேனேஜரில் நூறு சதவீதம் காட்டும், வேலை நடந்திருக்காது.

மூன்றாவது, நிரலின் இயல்பு. 1967-ல் ஜீன் ஆம்தால் என்ற பொறியாளர் எடுத்துச்சொன்ன விதி இது: பிரித்துச் செய்ய முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே வேகத்துக்கு எல்லை. ஒரு நிரலில் 60 சதவீதத்தைப் பிரித்துச் செய்யலாம், 40 சதவீதத்தை வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2 செயலி கொடுத்தால் வேகம் 1.43 மடங்கு. 4 கொடுத்தால் 1.82. 8 கொடுத்தால் 2.1. ஆயிரம் கொடுத்தாலும் 2.5 மடங்கைத் தாண்டாது. கல்யாண வீட்டில் காய்கறி நறுக்க பத்துப் பேர் உட்காரலாம். உலை கொதிக்கிற நேரத்தைப் பத்துப் பேரால் குறைக்க முடியுமா?

நம் வட்டாரத்தில் இதற்கு என்ன வேலை?

"இதெல்லாம் பெரிய டேட்டா சென்டர் விஷயம், நமக்கெதுக்கு?" என்று மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கேட்கலாம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று நம்மைச் சுற்றித் தொழிற்சாலைகள். தொழிற்சாலை லைன்களை ஓட்டுவது பி.எல்.சி. ஒரு லைன் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடும். விண்டோஸ் அதற்குள் பல தடவை மாறிவிடும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. ஆனால் பழைய பி.எல்.சி. மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடுவேன் என்று அடம் பிடித்தால், லைனை நிறுத்த முடியுமா? அதனால்தான் ஆட்டோமேஷன் பொறியாளர்கள் புதிய லேப்டாப்புக்குள் எக்ஸ்பியை ஒரு கெஸ்டாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த கெஸ்டுக்கு ஒரு செயலி தாராளம். அதை இன்டர்நெட்டில் இணைக்காமல் தனியாக வைப்பது அதைவிட முக்கியம்.

கிளவுடில் வேலை செய்வோரும் கவனிக்க வேண்டும். அமேசான் கிளவுடில் இன்டெல் வகை இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு வி.சி.பி.யு. என்பது முழுக் கோர் அன்று. கோரின் ஒரு த்ரெட் மட்டுமே. எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

செய்முறை

2 கோர் கொண்ட சாதாரணக் கணிப்பொறியில் பயிற்சி செய்பவர்கள் இப்படிச் செய்யலாம்:

முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்குங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் இது இல்லாமல் ஓடாது.

ஒவ்வொரு கெஸ்டுக்கும் 1 செயலியுடன் தொடங்குங்கள். விண்டோஸ் 11-க்கு மட்டும் 2.

வேலையை ஓட்டி, உள்ளே உள்ள செயலி தொடர்ந்து நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் மட்டும் ஒன்று கூட்டுங்கள். கூட்டியும் நேரம் குறையவில்லையென்றால் பழைய எண்ணுக்கே திரும்புங்கள். கோளாறு ரேமிலோ டிஸ்க்கிலோ இருக்கும்.

கிளவுடில் அல்லது கே.வி.எம்.மில் ஓடும் லினக்ஸ் கெஸ்டுக்குள் டாப் கட்டளை கொடுத்து, ஸ்டீல் என்ற எண்ணைப் பாருங்கள். அது உயர்ந்தால், நம் முறையை வேறு கெஸ்ட் எடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

எல்லா கெஸ்டுகளின் செயலிகளையும் கூட்டினால் கோர் எண்ணிக்கையைத் தாண்டலாம், தவறில்லை. நெட்வொர்க் லேபுக்கான மூன்று லினக்ஸ் கெஸ்டுகள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் உழைத்தால்தான் வரிசை நீளும்.

முடிவுரை

தோழர்களே! "எங்கிட்ட நல்ல லேப்டாப் இல்லை, அதனால கத்துக்க முடியலை" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். எட்டு கோர் இயந்திரம் வாங்க நம் வீடுகளில் வசதி இருக்காது, உண்மைதான். ஆனால் மேலே பார்த்த கணக்கு என்ன சொல்கிறது? கற்பதற்குத் தேவையான மூன்று கெஸ்டுகளும் ஆளுக்கு ஒரு செயலியில் ஓடும். எட்டு கோர் வைத்திருப்பவனும் அதே ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருப்பதைக் கணக்காகப் பங்கிடத் தெரிந்தவனைத்தான் நாளை சர்வர் அறைக்குள் விடுவார்கள். அந்தக் கணக்கைப் பழக நம் லேபில் உள்ள பழைய கணிப்பொறியே போதும். இன்றே தொடங்குவோம்!