அந்த ஒன்பது மைல் எங்கே போச்சு?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் நாலு போட்டோவும் கிடைத்தன. "மாமா, காலர் வந்த பெட்டியில் 9 மைல் என்று போட்டிருக்கிறான். எனக்கு அரை மைல் தாண்டினாலே நாய் திரையிலிருந்து காணாமல் போகிறது. புதுசு வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. முதலில் நீ அனுப்பிய மூன்றாவது போட்டோவை நீயே ஒரு தடவை நன்றாகப் பார். உன் ப்ளாட் ஹவுண்டு புலிவரி மின்ன லட்சணமாக நிற்கிறது. கழுத்தில் காலரும் இருக்கிறது. ஆன்டெனா எங்கேடா? அதை வளைத்துப் பட்டையோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறாயே, அது என்ன அலங்காரம்?

நீ சொல்லப்போவது தெரியும். "முள்ளில் மாட்டுகிறது மாமா." மாட்டட்டும், வளைந்து கொடுத்துத் தானே நிமிர்ந்துகொள்ளும், அதற்காகத்தான் முறுக்குக் கம்பியில் செய்து மேலே உறை போட்டிருக்கிறார்கள். இந்தக் காலர்கள் அமெரிக்காவில் 150 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, லைசென்ஸ் தேவைப்படாத ஐந்து சேனல்களில் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அந்தக் கம்பி இருக்க வேண்டிய அளவு. அதை நறுக்கினாலும் கெட்டது, மடித்தாலும் கெட்டது. ஈர நாயின் கழுத்தோடு ஒட்டிவைத்தால் பாதிச் சத்தத்தை நாயின் உடம்பே விழுங்கிவிடும். டேப்பைப் பிரி. பிரித்த பிறகு கம்பியை விரலால் அடி முதல் நுனி வரை நீவிப் பார். எங்கேயாவது நெளிந்து உறை வெடித்து உள்ளே பச்சை பூத்திருந்தால், மாற்ற வேண்டியது அந்தக் கம்பியை மட்டும்தான். சின்ன ஸ்பானரும் பத்து நிமிஷமும் போதும். நூற்றுக்கணக்கான டாலர் மிச்சம், உன் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடு.

9 மைல் பொய்யா என்றால், பொய் இல்லை. மலை உச்சியில் நீயும் எதிர் மலை உச்சியில் நாயும் நின்று, நடுவில் ஒரு மரம்கூட இல்லாவிட்டால் 9 மைல் வரும். ஆனால் நீ வேட்டையாடுகிற ரக்கூன் உன் வசதிக்காக மலை உச்சியில் ஏறாது. அது ஓடையோரமாகப் போகும், நாயும் பின்னாலேயே பள்ளத்துக்குள் இறங்கும். அதன் கழுத்தில் இருப்பது வெறும் 2 வாட். உன் ஆஷ்வில் பக்கத்து மலைமடிப்புகளில் ஒன்றரை மைல் கிடைத்தாலே காலருக்கு ஒரு கும்பிடு போடு. சிக்னல் போனால் பள்ளத்தில் நின்றுகொண்டு திட்டாதே. மேட்டில் ஏறு. திரை உள்ள கைக்கருவியைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்து, அதன் ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி தலைக்கு மேல் பிடி. நீ அந்த ஆன்டெனாவையே கைப்பிடியாக்கிக் கருவியைத் தூக்குகிற ஆள் என்று முதல் போட்டோவிலேயே தெரிந்துவிட்டது. மறை கழன்று ஆடும், பிறகு "ரேஞ்ச் இல்லை" என்று எனக்குக் கடிதம் வரும்.

நம் ஊரில் தாத்தா வளர்த்த சிப்பிப்பாறைக்கு இந்தச் சள்ளை எல்லாம் கிடையாது. அது கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதி. பொட்டலில் முயல் ஓடும், நாய் ஓடும், வரப்பில் நின்றபடியே முழுவதையும் பார்த்துவிடலாம். (1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அதுவும் பழங்கதை.) உன்னுடையது மூக்கால் ஓடுகிற சாதி. ராத்திரியில், அடர்ந்த காட்டில், உன் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதுதான் அதன் தொழிலே. என் பக்கத்து வீட்டுக் கிழவர் முன்பெல்லாம் மீன் முள் மாதிரி ஒரு மடக்கு ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு, பீப் சத்தம் எந்தப் பக்கம் பெரிதாகக் கேட்கிறது என்று திரும்பித் திரும்பி நிற்பாராம். அவர் இப்போது திரையைப் பார்க்கிறார். ஆனாலும் காதைத்தான் நம்புகிறார்.

அவர் நம்புவதில் விஷயம் இருக்கிறது. திரையில் நாய் இருக்கிற இடம் தெரிகிறது என்றுதானே நினைக்கிறாய்? நாய் கடைசியாகச் சொன்ன இடம்தான் தெரிகிறது. காலர் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகளைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்குப் போடும். அப்புறம் அதை ரேடியோவில் உனக்குச் சொல்லும். இது இரண்டு தனித்தனி வேலை, இரண்டும் தனித்தனியாகக் கெடும். பட்டை தளர்ந்து பெட்டி தொண்டைப் பக்கம் உருண்டுவிட்டால் வானம் தெரியாது. உருளாமல் இருக்க இறுக்கினால் கழுத்து புண்ணாகும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று காலர் இடம் சொல்வதற்கு நீ வைத்திருக்கிற 2 நிமிஷ இடைவெளியை முதலில் மாற்று. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடுகிற நாய் 2 நிமிஷத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். நடுவில் நெடுஞ்சாலை வந்தால்? ரோடு பக்கத்தில் இருக்கும் இரவுகளில் 2.5 விநாடியில் வை, பேட்டரி தீர்ந்தால் தீரட்டும்.

"இதற்குப் பதில் 29 டாலர் ஏர்டேக் போதாதா மாமா?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். அது பக்கத்தில் இருக்கிற ஆப்பிள் போன்களின் தயவில் பிழைக்கிறது. நடுக்காட்டில் ராத்திரி ஒரு மணிக்கு ஐபோன் வைத்துக்கொண்டு எந்த ரக்கூன் உட்கார்ந்திருக்கும்?

சரி, இனி என் வெட்கக்கேடு. என் ரெட்போன் நாயைத் தெரியுமல்லவா, செவலை? (கிழவருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. ஷெவி என்பார், நான் ஏதோ லாரிக் கம்பெனிப் பெயரை வைத்திருப்பதாக நினைப்பு.) நாலு வருஷம் முன்பு ஒரு ஜனவரி சனிக்கிழமை. முந்தின வேட்டை முடிந்து வந்ததும் காலரைச் சேறோடு அப்படியே சார்ஜர் கிளிப்பில் மாட்டியிருந்தேன். விளக்கு எரிந்தது, திருப்தியாகத் தூங்கிவிட்டேன். காலரில் சார்ஜ் ஏறுகிற செப்புப் புள்ளிகளின் மேல் எச்சிலும் சேறும் காய்ந்து, முகத்தில் பூசிய கடலை மாவு போல ஒரு ஏடு. கிளிப் பிடித்தும் பிடிக்காமலும் ராத்திரி முழுக்கத் தடுமாறியிருக்கிறது. காட்டில் அவிழ்த்து விடும்போதும் பேட்டரி அளவைப் பார்க்கவில்லை. நடுராத்திரிக்கு மேல் செவலை ஒரு முகட்டைத் தாண்டியது, திரையில் அதன் புள்ளி அங்கேயே நின்றுவிட்டது. ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டுக் குரைக்கிறது போலிருக்கிறது என்று எண்ணி, பனியில் ஒரு மணி நேரம் நடந்து அந்த இடத்துக்குப் போனேன். நாயும் இல்லை, மரமும் இல்லை. இரண்டு ராத்திரி வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

அதனால் வேட்டை முடிந்து வந்ததும், உன் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் காலரைக் கழற்று. நல்ல தண்ணீரில் கழுவித் துடை. புள்ளிகளை பென்சில் அழிப்பான் கொண்டு மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்று. உப்புத்தாளை எடுக்காதே. நீ எடுப்பாய், உன் கை அப்படி. முலாம் போய்விட்டால் அப்புறம் களிம்போடுதான் குடித்தனம். நன்றாகக் காய்ந்த பிறகு கிளிப்பில் போட்டு, கால் மணி கழித்துச் சதவீதம் ஏறியிருக்கிறதா என்று திரும்பிப் பார். விளக்கை மட்டும் நம்பாதே. சார்ஜை வீட்டுக்குள் போடு. உறைகுளிரில் வண்டிக்குள்ளேயே போட்டால் லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் செத்துப்போகும். சீசன் முடிந்தால் பாதிக்குக் குறையாமல் ஏற்றி அலமாரியில் வை, வெயிலில் வேகிற டாஷ்போர்டில் அல்ல. சாஃப்ட்வேர் அப்டேட்டா? கோடையில் செய், கருவிக்கும் காலருக்கும் சேர்த்துச் செய். சீசன் தொடங்கும் முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு மட்டும் அதைத் தொடாதே.

காட்டில் இறங்கியதும் வண்டிக் கதவைத் திறந்தவுடன் நாயை விடாதே. மேலே வானம் தெரிகிற இடத்தில் காலரைப் போட்டு, சாட்டிலைட் பிடித்து, திரையில் நாய் உன் காலடியிலேயே நிற்கிறதாகக் காட்டும் வரை பொறு. அது கயிற்றை இழுத்துக்கொண்டு ஊளையிடும், நீ பல்லைக் கடித்துக்கொள். இரண்டு நாய்களை ஒரே கூண்டில் ஏற்றுவதாக இருந்தால் போகும் வழியில் காலர் வேண்டாம். ஒன்றின் ஆன்டெனா மற்றதற்கு முறுக்குக் கம்பி அல்ல, முறுக்கு.

செவலை எப்படிக் கிடைத்தது என்று சொல்லாமல் விட்டால் தூங்க மாட்டாய். மூன்றாம் நாள் காலை போன் வந்தது. பதினோரு மைல் தள்ளி ஒரு பண்ணையில், கோழிக்கூண்டு ஓரமாகப் படுத்துக் கிடந்திருக்கிறது. அந்தம்மா காலரில் இருந்த பித்தளைத் தகட்டைத் துடைத்து நம்பரைப் படித்திருக்கிறார். சில டாலர் விலையுள்ள தகடு. உன் நாலு போட்டோவிலும் அதைத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. இந்த வாரமே பெயரும் போன் நம்பரும் ஆழமாக வெட்டி வாங்கி, பட்டையில் ரிவெட் அடி. அடித்ததும் ஐந்தாவது போட்டோ அனுப்பு, ஆன்டெனா நிமிர்ந்து நிற்கட்டும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா