'எலை' என்பது பிழையா?

அன்புள்ள தம்பிக்கு,

பேச்சுத்தமிழ் வெறும் கொச்சை, அதற்கு இலக்கணமே கிடையாது என்று உன் கட்டுரையில் எழுதியிருந்தாய். மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொன்னால் விட்டுத்தள்ளுவேன். தமிழ் படிக்கிற நீ எழுதியதால்தான் இந்தக் கடிதம்.

இலையை 'எலை' என்கிறோம்; விலையை 'வெலை', நிலத்தை 'நெலம்', குடத்தை 'கொடம்', புகையை 'பொகை' என்கிறோம். (ஈற்று ஐகாரம் தேய்வது வேறு கதை.) நாக்குச் சோம்பல் என்பார்கள். சோம்பல் என்றால் எல்லாச் சொல்லிலும் இருக்க வேண்டாமா? 'இல்லை'யை யாராவது 'எல்லை' என்கிறார்களா? குப்பை 'கொப்பை' ஆகிறதா? புளி 'பொளி' ஆகிறதா? ஆகாது. சொல்முதல் இகர உகரத்தை அடுத்து, ஒற்றை மெய்யின் மேல் அகரமோ ஐகாரமோ ஏறி வந்தால்தான் அவை எகர ஒகரமாகும். நடுவே மெய் இரட்டித்தால் மாறாது. யாரும் சொல்லித்தராமலே இதைச் சின்னப் பிள்ளைகள் கடைப்பிடிக்கிறார்கள். சில ஊர்களிலும் சில சொற்களிலும் விலக்கு உண்டுதான்; விலக்கில்லாத விதி நன்னூலிலாவது உண்டா?

கன்னடத்தைப் பார். இலை அங்கே 'எலெ', குடை 'கொடெ', குடம் 'கொட'. பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் அச்சிடுகிறார்கள். அங்கே செம்மை, இங்கே கொச்சையா? என்னய்யா நியாயம் இது!

நான் அடிக்கடி எடுத்துப் புரட்டுகிறவர் வீரமாமுனிவர். செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் செய்தவர், அன்றாட வழக்குக்கும் லத்தீனில் தனியாக ஒன்று எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இத்தாலியிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. அவருக்கும் வெகு முன்பே, வழக்கு, செய்யுள் இரண்டையும் நாடியே தொல்காப்பியம் செய்யப்பட்டது என்று அதன் பாயிரம் சொல்கிறது.

எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்ற இந்த இரட்டை வழக்கு நமக்கு மட்டுமா? 1959இல் மொழியியலாளர் ஃபெர்குசன் இதைப் பற்றி எழுதியபோது அரபு, கிரேக்கம், ஹெய்ட்டியின் கிரியோல், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். ஜூரிக் பேராசிரியர் ஜெர்மனில் நூல் எழுதுவார். வீட்டில் சுவிஸ் ஜெர்மன்தான் பேசுவார். அதற்காக அவர் வெட்கப்படுவதில்லை.

உடனே துள்ளாதே. விடைத்தாளில் 'எலை' என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். தமிழ் கெட்டது என்பதற்காக அல்ல, இடம் தவறியதற்காக. கடைக்காரரிடம் போய் "தேங்காயின் விலை யாது?" என்று கேட்டாலும் குறைப்பேன்.

அந்த 'கொச்சை' வரியை அடித்துவிடு. உன் ஊர்ப்பேச்சிலிருந்து இருபது சொல் எடுத்து, மேலே சொன்ன விதிக்கு எவை அடங்குகின்றன, எவை அடங்கவில்லை என்று எழுதி அனுப்பு. கட்டுரையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்