முச்சந்தியில் தொடங்கும் லத்தீன்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்களின் நெற்றிப் பலகையில் ‘வழி தக்கலை’ என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் அந்த ‘வழி’ நிற்கிற இடத்தில் ‘வியா’ நிற்கும். அது லத்தீன் சொல். சாலை என்று பொருள். பலகையில் இருப்பது ‘சாலை வழியாக’ என்ற பொருள் தரும் வேற்றுமை உருவம். பூதப்பாண்டியில் என் வீட்டுத் திண்ணைக்கு லத்தீன் படிக்க வருகிறவர்களுக்கு முதல் பாடம் இந்தப் பலகைதான்.

நான் படித்த முறை வேறு. குருமடத்தில் பதினேழு வயதில் ‘ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்’ என்று ரோஜாப்பூவை வேற்றுமை வரிசையில் ஒப்பித்தோம். இரண்டு வருடம் ஒப்பித்தும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத எனக்கு வரவில்லை. அந்தப் பூ எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. வேற்றுமை எதற்கு இருக்கிறது என்பதே எனக்கு விளங்காமல் போனது அதனால்தான். ஊருக்குத் திரும்பி, தாவரவியல் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரும் குருமடத்துக்குப் போகவிருந்த ஒரு பையனும் கேட்டுக்கொண்டபோது, பூவை விட்டுவிட்டுச் சாலையில் இறங்கினேன்.

‘வழியும் வியாவும் ஒண்ணுதானே சார்?’ என்று முதல் நாளே யாராவது கேட்பார்கள். ஒலி ஒத்திருப்பது உறவாகாது என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். நினைவில் நிறுத்த அந்த ஒற்றுமை உதவட்டும்; அதற்கு மேல் அதில் ஏறி உட்காரக் கூடாது. மாறாக, மூன்று வழிகள் கூடும் இடத்தை ரோமானியர் ‘த்ரிவியும்’ என்றார்கள். நம் முச்சந்தி அப்படியே அதுதான். முச்சந்தியில் நின்று பேசும் பேச்சு கனமற்றது என்ற எண்ணம் அவர்களுக்கும் இருந்தது; ஆங்கிலத்தின் ‘ட்ரிவியல்’ அங்கிருந்து வந்தது. இந்தச் சொல்லை யாரும் மறந்துபோய் என்னிடம் திரும்பக் கேட்டதில்லை.

அடுத்தது நடை. பூதலிங்கசாமி கோயில் வாசலிலிருந்து பழையாற்றுப் பக்கமாக நடக்கச் சொல்வேன். வலது கால் தரையில் படும்போது மட்டும் எண்ண வேண்டும். அப்படி இரண்டு எட்டு சேர்ந்தது ஒரு ‘பாஸுஸ்’, ஐந்து ரோமானிய அடி. ஆயிரம் பாஸுஸ் ஒரு ரோமானிய மைல், ஏறத்தாழ 1,480 மீட்டர். ‘மீலியா’ என்றால் ஆயிரங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் ‘மைல்’ அதன் பேரப்பிள்ளை. குட்டைக் கால்காரர்களின் ஆயிரம் முன்னாலேயே முடிந்துவிடும். முடிந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வரச் சொல்வேன். கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் ரோமிலிருந்து காப்புவா வரை போட்ட சாலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசினால், கேட்கிற முகமே வேறாக இருக்கிறது. ரோமானியச் சாலைகளில் தங்குமிடம் ‘மான்சியோ’, தங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. குதிரை மாற்றுமிடம் ‘முதாத்சியோ’, மாற்றுதலிலிருந்து. நம் வழியம்பலத்தையும் சுமைதாங்கிக் கல்லையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான இடம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு லத்தீன் வேற்றுமை எளிது, ஒரே ஒரு பள்ளத்தைத் தவிர. ரோமுக்குப் போகிறேன், ரோமிலிருந்து வருகிறேன், ரோமில் இருக்கிறேன் என்ற மூன்றையும் நாம் ஈற்றை மாற்றிச் சொல்கிறோம். லத்தீனும் ஊர்ப் பெயர்களில் அப்படியே செய்கிறது: ரோமம் எயோ, ரோமா வேனியோ, ரோமே சும். முன்னால் தனிச்சொல் எதுவும் வேண்டாம். பள்ளம் எங்கே என்றால், நம் ‘கு’ நான்காம் வேற்றுமை. அதனால் ‘ரோமுக்கு’ என்பதற்கு லத்தீனின் கொடை வேற்றுமையைப் போட்டு ‘ரோமே எயோ’ என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாரும் எழுதுகிறார்கள். பல மாதம் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன், பயனில்லை.

பிறகு நன்னூல் கைகொடுத்தது. இரண்டாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்றாக ‘அடைதல்’ என்பதையும் பவணந்தி சேர்த்திருக்கிறார். ஊரை அடைந்தான். லத்தீனில் போகிறவர்கள் எல்லாரும் ஊரை அடைகிறார்கள்; ஊருக்குப் போவதில்லை. ‘போகிறேன் என்று எழுதும் முன்னால் அடைகிறேன் என்று நினை’ என்று சொன்ன நாளிலிருந்து அந்தத் தவறு பாதிக்கு மேல் போய்விட்டது. வீரமாமுனிவர் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சான தம் இலக்கணத்தில் லத்தீனைக் கொண்டு ஐரோப்பியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அதே பாலத்தில் எதிர்த்திசையில் நடக்கலாம் என்று எனக்குத் தோன்ற இத்தனை காலம் ஆனதில் வருத்தம்தான்.

வாசிப்புக்கு முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி. சொற்களைச் சுருக்கி, எளிதாக்கித் தருகிறேன். கோப்தோஸிலிருந்து பெரனீகே துறைமுகத்துக்கு ஒட்டகத்தில் பன்னிரண்டு நாள். வெக்கைக்குப் பயந்து பெரும்பாலும் இரவுப் பயணம். ஓகேலிஸிலிருந்து காற்றுப் பிடித்தால் நாற்பது நாளில் முசிறி. அங்கே கொள்ளைக்காரர் தொல்லை என்று எச்சரிக்கிறார். பாண்டியன் இருக்கும் ‘மோதுரா’ வரும்போது திண்ணையில் ஒரு சலசலப்பு எழும். ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடத்தில் மிளகு வந்தது என்ற இடத்தில், ‘வள்ளம்’ என்று கடற்கரைப் பிள்ளை ஒருத்தி அகராதியைத் தொடாமல் மொழிபெயர்த்தாள்.

ஆனாலும் புத்தகத்தில் நின்றுவிடக் கூடாது. நம் மாவட்டத்திலேயே சாலையோடு பிறந்த லத்தீன் இருக்கிறது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர். தம்மைத் தோற்கடித்த மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777-இல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. லத்தீன் ‘சிஸ்தே வியாதோர்’ என்று தொடங்குகிறது: நில், வழிப்போக்கனே. ஊருக்குள் புதைக்கக் கூடாது என்ற சட்டத்தால் ரோமானியர் சாலையோரம் கல்லறை கட்டினார்கள். போகிறவர்களை நிறுத்திப் பேசுவது அந்தக் கற்களின் வழக்கம். வியாவிலிருந்து வியாதோர். முதல் நாள் பஸ் பலகையில் பார்த்த சொல். தாவரவியல் பிள்ளைகள் இருவரையும் குருமடத்துக்குப் போகவிருந்த பையனையும் ஒருநாள் அங்கே கூட்டிப்போனேன்.

‘சார், கல்லு நம்மள நிக்கச் சொல்லுதா?’

‘ஆமா மக்கா, நம்மளத்தான்.’

மூவரும் உண்மையிலேயே நின்றார்கள். தமிழ் எழுத்தை முதலில் பார்க்க விடாதீர்கள். லத்தீனில் தெரிந்த சொல்லைத் தேடட்டும். காயங்குளத்திலிருந்து கொச்சி வரை அவர் வென்ற நாடுகளைச் சொல்லும் இடத்தில் ‘எக்ஸ்’ என்றும் ‘ஆத்’ என்றும் ‘ஊஸ்குவே’ என்றும் மூன்று சிறு சொற்கள் உண்டு: இலிருந்து, நோக்கி, வரை. காயங்குளம் ஏன் ஈறு மாறாமல் நிற்கிறது என்று தாவரவியல் பெண் கேட்டாள். நம் ஊர்ப் பெயரை வளைக்க எழுதியவருக்கு மனமில்லாமல் இருக்கலாம் என்று பையன் சொன்னான். அதைப் பற்றியே பேசிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அடுத்த வாரம் அவள் நோட்டில் நான் கேட்காத ஒரு வரி இருந்தது: எக்ஸ் பூதப்பாண்டி ஆத் உதயகிரி ஊஸ்குவே. இரண்டு ஊர்ப் பெயரையும் அவளும் வளைக்கவில்லை. நான் பேனாவை எடுக்கவில்லை.